வெந்நீர் பிரஷர் வாஷருக்கு டீசல் பர்னரா, கேஸ் பர்னரா, கரண்டா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நிமிடத்துக்கு 15 லிட்டர், 200 பார் அழுத்தம் தரும் வெந்நீர் பிரஷர் வாஷர் ஒன்று வாங்கப் போகிறீர்கள். கிரீஸ் அப்பிய இயந்திர பாகங்களையும் வண்டிகளின் அடிப்பக்கத்தையும் கழுவ வேண்டும். விற்பவர் டீசல் பர்னர் என்கிறார், நண்பர் கேஸ்தான் சுத்தம் என்கிறார், இன்னொருவர் கரண்டில் சூடாக்கும் மெஷினை வாங்கினால் புகையே இல்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? கேள்வி எரிபொருளைப் பற்றியது போலத்தான் தெரிகிறது. ஆனால் மெஷின் பெரும்பாலும் கூரைக்குள் நிற்கும், வாரத்தில் ஓரிரு நாள் வெளியே கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வரிதான். மெஷின் எங்கே நிற்கிறது, அதன் புகை எங்கே போகிறது என்பதுதான் பர்னர் வகையை முடிவு செய்யும். எரிபொருள் விலையெல்லாம் அதற்கு அப்புறம்.

இந்த மெஷின்களின் பர்னரையும், தண்ணீர் உள்ளே ஓடிச் சூடாகும் சுருள் குழாயான காயிலையும் சர்வீஸ் செய்வதுதான் பல வருடங்களாக என் வேலை. என் கைக்கு வந்தவற்றில் முக்கால் பங்கு டீசல். கேஸ் மெஷின்கள் ஓரளவு பார்த்திருக்கிறேன். மின்சார ஹீட்டர் வைத்தவை கொஞ்சம்தான். நான் சொல்வதையும் அந்த விகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எவ்வளவு சூடு தேவை என்று கணக்குப் போட்டுவிடுவோம். இதைச் செய்யாமல் பர்னரைப் பற்றிப் பேசுவது வீண். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.19 கிலோஜூல் வேண்டும். இதிலிருந்து ஒரு எளிய வாய்ப்பாடு கிடைக்கிறது: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி ஏற வேண்டும், இரண்டையும் பெருக்கி 0.07-ஆல் பெருக்கினால் கிலோவாட். உங்கள் மெஷினில் 15 லிட்டர். உள்ளே வரும் தண்ணீர் 25 டிகிரி, வெளியே 75 டிகிரி வேண்டும் என்றால் 50 டிகிரி ஏற வேண்டும். 15 × 50 × 0.07 என்றால் 52 கிலோவாட் சொச்சம். எரிகிற சூடு முழுவதும் தண்ணீருக்குப் போகாது, ஒரு பகுதி புகையோடு வெளியேறும். நல்ல நிலையில் உள்ள காயிலில் 85 சதவீதம் தண்ணீரில் இறங்கும் என்று வைத்தால் பர்னர் எரிக்க வேண்டியது சுமார் 61 கிலோவாட். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

இந்தக் கணக்கைப் போட்டவுடனேயே கரண்ட் விஷயம் தெளிவாகிவிடுகிறது. மின்சார ஹீட்டரில் புகைபோக்கி இழப்பு இல்லை, ஆகவே 52 கிலோவாட் போதும். ஆனால் 400 வோல்ட் த்ரீ பேஸில் அதற்கே ஒவ்வொரு பேஸிலும் 75 ஆம்பியர் இழுக்கும். சாதாரணமாகக் கிடைக்கும் 32 ஆம்பியர் த்ரீ பேஸ் இணைப்பு மொத்தம் 22 கிலோவாட்தான் தரும். அதிலும் 15 லிட்டரை 200 பாரில் தள்ள பம்ப் மோட்டாரே 6 கிலோவாட் அளவுக்குக் கேட்கும். மீதி 16 கிலோவாட்டில் தண்ணீர் 15 டிகிரிதான் ஏறும். 25 டிகிரி தண்ணீர் 40 டிகிரியாக வரும், கிரீஸ் அசையாது. புகையே கூடாத உணவுத் தயாரிப்புக் கூடம் போன்ற இடங்களில் மின்சார மெஷின்தான் சரி. அங்கே தண்ணீர் அளவைக் குறைத்தோ, முன்கூட்டியே தொட்டியில் சூடாக்கி வைத்தோ சமாளிக்கிறார்கள். உங்கள் 15 லிட்டருக்கும், இடம் மாறும் வேலைக்கும் அது ஒத்துவராது. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

டீசல் பர்னருக்கு வருவோம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி சூடு இருக்கிறது. ஆகவே 61 கிலோவாட்டுக்கு மணிக்கு 6 லிட்டர் சொச்சம் செலவாகும். தொடர்ந்து எரிந்தால்தான் அந்த 6 லிட்டர். டிரிகரை விட்டதும் பர்னர் அணைந்துவிடும், தண்ணீர் குறித்த சூட்டை எட்டியதும் தெர்மோஸ்டாட்டும் அணைக்கும். அதனால் நடைமுறைச் செலவு இதைவிடக் குறைவு. அமைப்பு எளிமையானது. ஒரே மோட்டார் விசிறியையும் எண்ணெய் பம்பையும் சுற்றுகிறது. பம்ப் டீசலை 10 பார் அளவுக்கு அழுத்தி, சுண்டுவிரல் முனை அளவுள்ள பித்தளை நாசில் வழியாகப் பனிப்புகை போலத் தெளிக்கிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் உயர் மின்னழுத்தம் இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கு நடுவே பொறியாகப் பாய்ந்து பற்றவைக்கிறது. சுடர் எரிகிறதா என்று ஒரு போட்டோசெல் பார்த்துக்கொண்டே இருக்கும், வெளிச்சம் தெரியாவிட்டால் சில நொடிகளில் எண்ணெயை நிறுத்திவிடும். இவ்வளவுதான் முழு பர்னரும். எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் ஒரு கேன் டீசல் இருந்தால் வேலை நடக்கும். இடம் மாறும் மெஷின்கள் பெரும்பாலும் டீசலில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இந்த நாசிலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் டீசல் மெஷின்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நாசிலின் பக்கவாட்டில் சிறியதாக எண் பொறித்திருக்கும். 1.35 என்று இருந்தால், 7 பார் அழுத்தத்தில் மணிக்கு 1.35 அமெரிக்கன் கேலன் போகும் என்று அர்த்தம். அழுத்தம் கூடினால் அதன் வர்க்கமூல விகிதத்தில் அளவும் கூடும். 10 பாரில் அதே நாசில் 1.6 கேலன் தரும், அதாவது 6 லிட்டர் சொச்சம். மேலே போட்ட கணக்கோடு இது பொருந்துவதைக் கவனியுங்கள். கூடவே தெளிப்புக் கோணம் ஒன்றும் பொறித்திருக்கும், 60 டிகிரி, 80 டிகிரி என்று. அந்தக் கோணம் எரியறையின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். கோணம் அகலமாகிவிட்டால் சுடர் காயில் குழாயைத் தொடும், தொட்ட இடத்தில் கரி கட்டும். நாசில் அடைத்தால் ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். அந்தத் துளையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலும் தெளிப்பு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். அதே எண், அதே கோணம் பார்த்துப் புதிது போடுங்கள்.

ஒருமுறை என்னிடம் வந்த மெஷினில் தண்ணீர் சூடே ஏறவில்லை. இன்னும் சூடாக வேண்டும் என்று ஒரு மெக்கானிக் 1.35 நாசிலைக் கழற்றி 1.75 போட்டிருக்கிறார். எண்ணெய் 30 சதவீதம் கூடியது, பர்னருக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு இருந்த இடத்திலேயே இருந்தது. முதல் இரண்டு நாள் உண்மையிலேயே தண்ணீர் கூடுதல் சூடாக வந்ததாம். அப்புறம் நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் முன்பிருந்ததைவிடக் குறைவாகிவிட்டது. மேல்மூடியைத் திறந்தால் காயில் சுற்றுகளுக்கு நடுவே விரல் நுழையாத அளவுக்குக் கரி, தொட்டால் கருப்பு மாவாக உதிர்ந்தது. கரி சூட்டைக் கடத்தாது, அந்தக் குழாய்க்கு அது போர்வை மாதிரி. கழுவி எடுக்க ஒரு நாள் முழுக்கப் போனது. பர்னரும் காயிலும் ஜோடி, ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் பயன் இல்லை. புது மெஷின் வாங்கும்போதும் பர்னர் கிலோவாட்டை மட்டும் கேட்காமல் காயிலின் நீளம், குழாய்த் தடிமன் எல்லாம் கேளுங்கள். விற்பவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் தயாரிப்பாளரின் விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.

மண்ணெண்ணெய் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எரியும், கரியும் வாடையும் குறைவாகவே இருக்கும். ஆனால் டீசலில் உள்ள வழவழப்பு அதில் இல்லாததால் எண்ணெய் பம்ப் சீக்கிரம் தேயும். லிட்டருக்குக் கிடைக்கும் சூடும் கொஞ்சம் குறைவு. கடுங்குளிரில் டீசல் கெட்டிப்படும் இடங்களில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. மற்ற இடங்களில் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும் போடுங்கள். பயோடீசல் கலப்பு விஷயத்தில் பொதுவான ஒரு பதில் சரிவராது. பம்பில் உள்ள ரப்பர் சீல் எந்த ரகம் என்பதைப் பொறுத்தது, கையேட்டில் எத்தனை சதவீதம் வரை என்று போட்டிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். கழிவு என்ஜின் ஆயில் கலக்கவே கூடாது. பெட்ரோலை அந்தத் தொட்டியின் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள், அது வெடிவிபத்து.

கேஸில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. குழாயில் வரும் இயற்கை எரிவாயு இருந்து, மெஷினும் ஒரே இடத்தில் நிரந்தரமாக நிற்கும் என்றால், அதைவிட நல்ல பர்னர் எனக்குத் தெரியாது. சுடர் நீலமாக இருக்கும், கரி ஏறக்குறைய இல்லை, காயில் ஆண்டுக்கணக்கில் சுத்தமாக இருக்கும், தொட்டி நிரப்பும் வேலை இல்லை. 61 கிலோவாட்டுக்கு மணிக்கு 6 கன மீட்டர் அளவில் வாயு வேண்டும். வீட்டு அடுப்புக்குப் போட்ட மெல்லிய குழாயில் அவ்வளவு வராது. பர்னர் எரியத் தொடங்கியதும் அழுத்தம் விழுந்து சுடர் சுருங்கிவிடும். குழாய் எத்தனை அங்குலம் என்பதை இடத்தை அளந்து பார்த்து, உரிமம் பெற்ற கேஸ் ஃபிட்டர்தான் சொல்ல வேண்டும். எழுத்தில் நான் சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது.

எல்பிஜி சிலிண்டரில் வேறொரு சிக்கல். கிலோவுக்கு 12.8 கிலோவாட் மணி கணக்கில் உங்களுக்கு மணிக்கு 4.8 கிலோ வாயு வேண்டும். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாவதற்கான சூட்டை வெளிக்காற்றிலிருந்து சிலிண்டர் தகட்டின் வழியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேகமாக இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, திரவ மட்டம் வரைக்கும் வெளியே வெண்பனி பூக்கும், உள்ளே அழுத்தம் இறங்கும். பாதி கேஸ் மிச்சம் இருக்கும்போதே சுடர் தளர்வதைப் பார்த்து, சிலிண்டர் காலி என்று நினைத்து மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடுத்தர அளவு சிலிண்டர் ஒன்று தொடர்ந்து மணிக்கு ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் தாங்காது. ஆகவே மூன்று நான்கு சிலிண்டர்களைச் சேர்த்து ஒரே வரிசையில் இணைக்க வேண்டும். வெளியே கொண்டுபோகும் நாளில் அத்தனையையும் வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவது, நெருப்புக் காட்டுவது போன்ற குறுக்குவழிகளைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இதைவிட முக்கியமானது, எல்பிஜி காற்றைவிடக் கனமானது. அதில் உள்ள புரோப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு எடை. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். வண்டியின் அடிப்பக்கம் கழுவ உங்கள் இடத்தில் ஆள் இறங்கி நிற்கும் குழி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழிக்குப் பக்கத்தில் எல்பிஜி பர்னர் வைக்க நான் சம்மதிக்கவே மாட்டேன். இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும். அதற்கும் காற்றோட்டம் வேண்டும் என்றாலும் குழி ஆபத்து இந்த அளவுக்கு இல்லை.

கேஸ் மெஷின்களில் விசிறி இல்லாத வகையும் உண்டு, விசிறி வைத்த வகையும் உண்டு. விசிறி இல்லாதது சத்தமில்லாமல் எரியும், பழுதும் குறைவு. ஆனால் புகைபோக்கியின் இழுப்பை நம்பித்தான் எரிகிறது, காற்று அடிக்கும் திறந்த வெளியில் சுடர் அலைபாயும். கூரைக்குள் நிலையாக நிற்பதற்கு மட்டும் அதை எடுங்கள்.

கேஸ் மெஷின் வாங்கினால் ஒன்றைப் பார்த்து மிரளாதீர்கள். காலையில் போட்டவுடன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். காயில் ஓட்டை என்று நினைத்து ஓடிவருவார்கள். இயற்கை எரிவாயுப் புகையில் நீராவி அதிகம், 55 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பில் பட்டாலும் அது தண்ணீராகப் படியும். குளிர்ந்த தண்ணீர் ஓடும் காயில் வியர்க்கிறது, அவ்வளவுதான். டீசல் புகையிலும் 47 டிகிரி அருகே இது நடக்கும், கொஞ்சம் குறைவாக. பர்னரை அணைத்துவிட்டு வெறும் தண்ணீரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சொட்டு நின்றால் வியர்வை, நிற்காவிட்டால் ஓட்டை. டீசலில் இந்த ஈரம் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். ஆகவே அடிக்கடி வெதுவெதுப்பாக மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பது டீசல் காயிலுக்கு நல்லதல்ல.

இப்போது உங்கள் கூரை விஷயம். ஒரு லிட்டர் டீசல் எரிய ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று வேண்டும், நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாகவே விடுவோம், 12 என்று வையுங்கள். மணிக்கு 6 லிட்டர் என்றால் 72 கன மீட்டர். நீளம் 5, அகலம் 5, உயரம் 3 மீட்டர் உள்ள ஒரு அறையின் மொத்தக் காற்றும் ஒரு மணி நேரத்தில் பர்னருக்குள் போய்ப் புகையாக வெளியே வரும். கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினால் காற்று குறையக் குறைய எரிதல் கெடும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று ஆள் உணர்வதற்குள் கை மீறிவிடும். டீசலோ கேஸோ, கூரைக்குள் என்றால் புகைபோக்கி கட்டாயம் வேண்டும். மெஷினின் புகைவாய் அளவைவிடச் சிறிய குழாய் போடக்கூடாது, காற்று உள்ளே வரத் தனி வழியும் விட வேண்டும். சுவரைப் பார்த்துப் புகைவாய் திரும்பியிருந்தால், வெளியே போன புகையையே பர்னர் திரும்ப உள்ளே இழுக்கும். புது நாசில் போட்டும் கரி கட்டுகிறது என்று சொன்ன பல இடங்களில் மெஷினை ஒரு மீட்டர் தள்ளி வைத்ததோடு பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

ஆகவே உங்கள் இடத்துக்கு என் பதில் டீசல் பர்னர். மெஷினைக் கூரையின் ஓரத்தில், ஒரு பக்கம் திறந்திருக்கும் இடத்தில், புகைபோக்கி மேலே போகிற மாதிரி நிறுத்தி, ஹோஸை மட்டும் நீளமாக உள்ளே கொண்டுபோங்கள். குழியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. வெளியே போகும் இடங்களில் த்ரீ பேஸ் கரண்ட் கிடைக்கும் என்றால் 230 வோல்ட் பர்னர் மோட்டார் உள்ளதையே எடுங்கள். கிடைக்காது என்றால் என்ஜினில் ஓடும் மெஷினும் 12 வோல்ட் பர்னரும்தான் வழி. ஆனால் அதன் என்ஜின் புகையை எண்ணிப் பார்த்தால் கூரைக்குள் அதைப் பயன்படுத்தவே முடியாது. 12 வோல்ட் பர்னரில் பேட்டரி இறங்கினாலோ வயர் முனை துருப்பிடித்தாலோ விசிறி வேகம் குறைந்து, பொறியும் பலவீனமாகி, பற்றும்போது வெள்ளைப் புகை கக்கும். வெள்ளைப் புகை என்றால் எரியாத எண்ணெய், கரும்புகை என்றால் காற்றுப் பற்றாக்குறை. இந்த இரண்டையும் மனதில் வைத்திருந்தால் பாதிப் பழுதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

நாளை குழாய் எரிவாயு வந்து, வெளியே போகும் வேலையும் நின்றுவிட்டால் என் பதில் மாறும். அப்போது கேஸ் மெஷின்தான். டீசல் மெஷினிலேயே பர்னரை மட்டும் கழற்றி கேஸ் பர்னர் மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். தயாரிப்பாளரே அதற்கான மாற்றுப் பாகங்களைத் தந்தால் சரி. இல்லாவிட்டால் எரியறை, புகைவழி, பாதுகாப்புக் கருவிகள் எல்லாமே வேறு, அதில் கை வைக்காதீர்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் சூட்டைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. 95 டிகிரி, 140 டிகிரி என்று போட்டிருப்பார்கள். அது எந்தத் தண்ணீர் அளவில் என்று கேளுங்கள். 140 டிகிரி என்பது பெரும்பாலும் தண்ணீரையும் அழுத்தத்தையும் குறைத்து நீராவி நிலையில் ஓட்டும்போது கிடைப்பது. மெஷினின் உண்மையான வலிமை கிலோவாட் எண்ணில்தான் இருக்கிறது. கிரீஸுக்கு 70, 80 டிகிரி போதும், அதற்கு மேல் போனால் எண்ணெயும் செலவு, ஹோஸும் சீலும் சீக்கிரம் போகும். தண்ணீர் ஓடாவிட்டால் பர்னரை நிறுத்தும் ஃப்ளோ ஸ்விட்ச், சூடு எல்லை மீறினால் நிறுத்தும் தனி தெர்மோஸ்டாட், சேஃப்டி வால்வ் ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தண்ணீர் உப்பாக இருந்தால் காயிலுக்குள் படிவு ஏறும். வெளியே கரி செய்யும் அதே வேலையை உள்ளே உப்பு செய்யும், அதற்கு மென்நீர்க் கருவியோ படிவு தடுக்கும் மருந்தோ வேண்டும். வேலை முடிந்ததும் பர்னரை அணைத்து, தொட்டால் சுடாத தண்ணீர் வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிவிட்டுத்தான் மெஷினை நிறுத்த வேண்டும்.

வாங்கிய பிறகு முதல் சர்வீஸில் புகையை அளக்கச் சொல்லுங்கள். சிறிய கைப்பம்பால் புகையை ஒரு வெள்ளை வடிதாள் வழியே பத்து முறை இழுத்து, தாளில் விழும் கறையை 0 முதல் 9 வரை உள்ள அட்டையோடு ஒப்பிடுவார்கள். 1-க்கு மேல் போனால் காற்றைத் திருத்த வேண்டும். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு காற்று வைக்கிறேன் என்பவரை இந்த வேலைக்கு நம்பாதீர்கள், நானே கருவி இல்லாமல் வைப்பதில்லை.

உள்ளே வரும் தண்ணீரின் சூட்டை அதிகாலையில் ஒரு தெர்மாமீட்டரால் அளந்து, கூரையின் உயரத்தையும் குழிக்கும் திறந்த பக்கத்துக்கும் உள்ள தூரத்தையும் எழுதுங்கள். எத்தனை கிலோவாட் மெஷின் பார்க்க வேண்டும், புகைபோக்கியை எந்தப் பக்கம் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.